எல்லோருக்கும் வருகிற ஒலி

என் மருமகன் ஒரு மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறார். பதிவு மேசையில் பிரின்டர் தாளைக் கடித்துக்கொண்டால் அவரைக் கூப்பிடுவார்கள். மருந்துக் கிடங்கில் திரை இருண்டுபோனாலும் அவர்தான் போக வேண்டும். அங்கே அவருக்குப் பெயர் கிடையாது, 'கம்ப்யூட்டர் சார்' மட்டும்தான். மாலையில் வாசலில் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே அன்றைக்கு லிஃப்ட் ஓடியதா இல்லையா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு அவருக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அதற்குச் சம்பளம் இல்லை. யூனிக்ஸ் என்ற பழைய கணினி அமைப்பின் வழிவந்த இயங்குதளம் ஒன்று, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளக்கூடியது. அதற்கான இணைய உலாவியைத் தொகுத்துத் தருகிறவர் இவர். உலாவியை எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் எழுதியதை வாங்கி, அந்த இயங்குதளத்தில் ஓடும்படி கட்டி, எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி பேக்கேஜாக வைப்பது இவர் பொறுப்பு. அவர் மனைவி, அதாவது என் மூத்த மகள், இந்த வேலைக்குச் 'சின்ன வீடு' என்று பெயர் வைத்திருக்கிறாள். சாப்பிட்டுவிட்டு அவர் மாடிப்படி ஏறினால், "சின்ன வீட்டுக்குக் கிளம்பியாச்சா?" என்று என் காதில் விழும்படியே கேட்பாள். அவர் பதில் சொல்லத் தெம்பில்லாமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்.

என் மனைவி இறந்த பின் நான் அவர்களோடு இருக்கிறேன். மாடியறையில் ஒரு பாதி அவருக்கு, மறு பாதி எனக்கு, நடுவில் ஒரு புத்தக அலமாரி. பணியில் இருந்த காலமெல்லாம் நான் கோப்புகள் வைக்கும் பதிவறையில் இருந்தவன். ஒரு சங்கதி எப்போது மாறியது, யார் மாற்றினார், எதற்காக என்று கேட்டே பழகியவன். அலமாரிக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே அவர் வேலையின் போக்கை ஓரளவு தெரிந்துகொண்டேன். புரியாததை அவரிடமே கேட்டேன். அலுப்போடுதான் சொல்வார், ஆனால் தப்பாகச் சொல்லமாட்டார்.

என் இளைய மகளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. எங்களுக்கு அவள் சின்னவள். கூட்டங்களிலும் விசாரணைகளிலும் பதிவு செய்யப்பட்ட பேச்சைக் கேட்டு எழுத்தில் தருவது அவள் தொழில். பேச்சு உலாவியில் ஓடும். அவள் தட்டச்சு செய்ததையும் திரையில் இருப்பதையும் படித்துச் சொல்ல இன்னொரு மென்பொருள் உண்டு. அதன் குரல் தகர டப்பாவில் கூழாங்கல் உருளுவது போல இருக்கும், ஆகவே அதற்கு வீட்டில் 'தகரம்' என்று பெயர். அவள் அதை ஓடவிடும் வேகத்தில் எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. தகரத்துக்கு மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் உட்காரவிடு என்று அவள் அக்கா கேலி செய்வாள். ஒரு காதில் பதிவு, மறு காதில் தகரம். இரண்டும் ஒரே சமயத்தில் கேட்க வேண்டும். ஒன்று நின்றால் வேலை நின்றது.

வீட்டில் அவள் கணினியில் இரண்டும் கேட்டதற்குக் காரணம், மருமகன் அவளுக்கென்று தனியாகக் கட்டிக்கொடுத்த உலாவி. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் எல்லோருக்குமான பேக்கேஜை முடித்துவிட்டு, அவளுக்காக மறுபடி ஒன்றைக் கட்டுவார். அவருக்குக் காய்ச்சல் என்றால் அவள் பழைய பதிப்போடு காத்திருப்பாள். ஒரு முறை அவர் வெளியூர் போயிருந்தபோது கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, எல்லோருக்கும் வருகிற உலாவியைப் போட்டுவிட்டது. பதிவு ஓடத் தொடங்கியதும் தகரம் ஊமையாகிவிட்டது. அவர் திரும்பி வரும்வரை அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குன்னு தனியா எதுவும் வேணாம்பா" என்றாள் அன்று. "எல்லாருக்கும் வர்றது எனக்கும் வரணும். அத்தானுக்குச் சளி பிடிச்சா எனக்குப் பேச்சு நின்னுபோகுது. இது என்ன பொழப்பு?"



பிறகு வேறொரு ஊரில் அவளுக்கு நல்ல வேலை ஒன்று வந்தது. அதே தொழில்தான். அலுவலகத்தில் போய் உட்கார்ந்து செய்ய வேண்டும். முதலில் சோதனைக் காலம், சரியாகச் செய்தால் நிரந்தரம். தங்குவதற்கு உடன் வேலை செய்கிற ஒரு பெண்ணோடு பாதி அறை. அங்கேயும் அதே இயங்குதளம், அதே உலாவி. ஆனால் அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டார்: பேக்கேஜ் எப்படி வருகிறதோ அப்படியேதான் இருக்கும், ஒருவருக்கென்று தனியாக எதையும் போடமாட்டார். போட்டால் ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் அந்த ஒரு கணினியை நினைவு வைத்துக்கொண்டு ஓட வேண்டும், அதற்கு ஆளில்லை. மருமகன் கோபப்படுவார் என்று நினைத்தேன். "அவர் சொல்றது சரிதான் மாமா. ஆஸ்பத்திரியில நர்ஸுங்ககிட்ட நானும் அதத்தான் சொல்றேன்" என்றார்.

ஆகவே சின்னவளின் வேலை நிலைக்குமா என்பது ஒரே ஒரு விஷயத்தில் வந்து நின்றது. யாரும் எதையும் தேர்ந்தெடுக்காதபோது உலாவியின் ஒலி எந்த வழியாகப் போகிறது? இதைத்தான் அவர்கள் டிஃபால்ட் என்கிறார்கள். அதைத் தீர்மானிப்பவர் அவளுடைய அத்தான்.

அவர் எனக்கு விளக்கியபடி வழிகள் இரண்டு. கணினியின் ஒலிக் கருவியை ஓர் அறை என்று வைத்துக்கொண்டால், முதல் வழியில் மென்பொருள் நேராக அந்த அறைக்குள் போய்விடும். போனதும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும். அது வெளியே வரும்வரை வேறு எதற்கும் குரல் கிடையாது. தகரம் ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளே போய் உடனே வெளியே வந்துவிடும், உலாவியோ பதிவு ஓடி முடியும்வரை வெளியே வராது. எல்லாக் கணினியிலும் இப்படி இல்லை என்றாலும் பல கணினிகளில் இப்படித்தான். இரண்டாவது வழியில் வாசலில் ஓர் ஆள் இருக்கிறார். அவர் எல்லாருடைய சத்தத்தையும் வாங்கி, ஒன்றாகக் கலந்து, தான் ஒருவராக உள்ளே கொண்டுபோவார். இந்த ஆளுக்கு சவுண்ட் சர்வர் என்று பெயர். இவர் இருந்தால் பதிவும் கேட்கும், தகரமும் கேட்கும். ஆனால் பழைய, வலுவில்லாத கணினிகளில் இவரால் ஒலி திக்கும், பின்தங்கும்.

அதுவரை எல்லோருக்குமான பேக்கேஜில் நேர்வழிதான் இருந்தது. அந்த வருடம் உலாவியை எழுதுகிறவர்கள் ஓர் அறிவிப்பு விட்டார்கள். இனி அவர்கள் சவுண்ட் சர்வர் வழியை மட்டும்தான் பார்த்துக்கொள்வார்களாம். நேர்வழி வேண்டுமென்றால் தொகுப்பவர்கள் தாங்களே அதைச் சேர்த்து, பழுது வந்தால் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். மருமகன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டியதாயிற்று.

அவர் இதை அதே அறைக் கதையோடு மடற்குழுவில் போட்டார். அந்த இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் இடம் அது. அங்கே பழைய ஆள் ஒருவர் உண்டு. மென்பொருளுக்கும் ஒலிக் கருவிக்கும் நடுவே ஒற்றைக் கம்பிதான் இருக்க வேண்டும் என்று வருடக்கணக்காக வாதாடுகிறவர் என்பதால் மருமகன் அவரை எங்களிடம் 'கம்பி' என்றே சொல்வார். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஆனால் மருமகன் முதன்முதலாகக் குழுவுக்கு எழுதியபோது அதை மதித்துப் பதில் போட்டவர் கம்பிதான். வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். கடையில் ஒரு புராதனக் கணினி நாள் முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும், அதில் சர்வரைப் போட்டால் பாட்டு நொண்டும்.

கம்பி எழுதினார், வாசலில் நிற்கிறவனுக்கு யார் சோறு போடுவது என்று. இன்னொருவர், தாழ்ப்பாள் போட்டுக்கொள்வதற்கு இது என்ன உங்கள் பாட்டன் வீடா என்று எழுதினார். நடுவில் ஒருவர் எழுத்துரு சிறியதாக இருக்கிறது என்று சம்பந்தமில்லாமல் ஒரு குறையைப் போட்டார். தினமும் மருத்துவமனையிலிருந்து வந்து இவற்றைப் படித்துப் பதில் எழுதுவதே மருமகனின் வேலையாகிவிட்டது. பதில் எழுதும்போது விசைப்பலகைச் சத்தம் மெதுவாகி மெதுவாகி, நாற்காலியில் அவர் தலை சாய்ந்துவிடுவதை அலமாரியின் இடுக்கு வழியாகப் பார்ப்பேன்.

ஒரு நாள் அவராகவே என் பக்கம் வந்து உட்கார்ந்தார். சர்வரை மட்டும் வைத்தால் கம்பி போன்றவர்களுக்குக் கஷ்டம், நேர்வழியை மட்டும் வைத்தால் சின்னவளுக்கு வழியில்லை என்றார். அது எனக்குத் தெரிந்ததுதான். அவரை அரித்துக்கொண்டிருந்தது வேறு.

"சர்வர்தான் சரின்னு எனக்குப் படுது மாமா. ஆனா, எனக்கு அப்படிப் படுறது அது சரிங்கிறதாலயா, சின்னவளுக்காகவான்னு தெரியல. வீட்டு ஆளுக்காக ஊர் ஆளுக்கெல்லாம் மாத்தினேன்னு இருக்கக் கூடாது."

பதிவறையில் சொந்தக்காரரின் கோப்புக் கட்டு மேசைக்கு வந்தால் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவது எங்கள் வழக்கம். இவருக்குப் பக்கத்து மேசையே இல்லை. உலாவியைத் தொகுக்க வேறு யாரும் முன்வந்ததில்லை.

கடைசியில் அவர் செய்தது, அலுத்துப்போனவர்கள் எல்லாரும் செய்வதுதான். இரண்டும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். உலாவி தொடங்கும்போது வாசலில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும். இருந்தால் அவரிடம் கொடுக்கும், இல்லையென்றால் நேராக உள்ளே போகும். தன் கணினியில் போட்டுப் பார்த்தார். பாட்டும் கேட்டது, தகரமும் கேட்டது. யாருக்கும் கெடுதல் இல்லை என்று குழுவில் அறிவித்தார். கம்பிகூட ஒரு சொல்லில் சம்மதம் சொன்னார். அன்று மருமகன் சாப்பாட்டு மேசையை விட்டு எழவில்லை. சின்ன வீட்டில் ஏதாவது சண்டையா என்று என் மூத்த மகள் கேட்டாள்.

சின்னவள் புறப்பட்டாள். பேருந்தில் ஏறும் முன் அத்தானிடம், "இனிமே உங்களுக்குத் தாராளமா சளி பிடிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் அங்கே வேலைக்குப் போன முதல் நாளே என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். என் மூத்த மகள் அதை மறுநாள் என்று சொல்கிறாள். முதல் நாள்தான், சின்னவள் தன் அறைச் சாவியைக்கூட இன்னும் வாங்கியிருக்கவில்லை. குரலை வைத்தே காரியம் சரியில்லை என்று தெரிந்தது. பதிவை ஓட்டியதும் தகரம் ஊமையாகிவிட்டது. பதிவை நிறுத்தினால் தகரம் பேசுகிறது, ஓட்டினால் போய்விடுகிறது. மேலதிகாரி அம்மா நல்லவர், மாதக் கடைசி வரை பார்க்கலாம் என்று சொல்லி, அதுவரை தொலைபேசிக்குப் பதில் சொல்லும் மேசையில் உட்கார வைத்திருக்கிறார். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் அவள் திரும்பி வர வேண்டியதுதான்.

நான் மாப்பிள்ளையைக் கூப்பிடுகிறேன் என்று எழுந்தேன். வேண்டாம் என்றாள்.

"சொன்னீங்கன்னா உடனே ஒண்ணு கட்டி அனுப்புவாரு. அத இங்க போட மாட்டாங்க. போட்டாலும் எனக்கு வேணாம். ஊர்ல எல்லாரும் எப்படிக் குறை எழுதுறாங்களோ, நானும் அப்படி எழுதிக்கிறேன். நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

ஒப்புக்கொண்டேன். அவள் கேட்டது நியாயமாகப் பட்டது. ஆனால் அலமாரிக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது சுலபமாக இல்லை.

குறைகளுக்கென்று இருக்கும் பக்கத்தில் அவள் எழுதினாள். பெயர் போடவில்லை, அலுவலகம் கொடுத்த எண்ணைத்தான் போட்டிருந்தாள். மருமகன் சில குறைகளை வாய்விட்டுப் படிப்பது வழக்கம், அதில் இதுவும் வந்தது. எந்தப் பதிப்பு, என்ன செய்தது, என்ன எதிர்பார்த்தது, என்ன நடந்தது என்று வரிசையாக இருந்தது. புலம்பல் இல்லை. "யாரோ நல்லா எழுதியிருக்காங்க" என்றார். தன் கணினியில் அதேபோலச் செய்து பார்த்தார். இரண்டும் கேட்டது. தன் கணினியில் இந்தப் பழுது வரவில்லை என்று ஒரு வரி பதில் எழுதிவிட்டு அடுத்த குறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் சின்னவள் கூப்பிட்டாள். அவள் சிரித்த சிரிப்பில் ஈரமே இல்லை.

"அத்தான் பதில் போட்டிருக்காருப்பா. எனக்கு வயித்துவலின்னா, அவருக்கு வலிக்கலயாம்."

ஆனால் விடவில்லை. திரும்ப எழுதினாள். இந்தக் கணினியில் எல்லாம் அண்மையில் புதிதாக நிறுவப்பட்டவை, நீங்கள் சோதித்துப் பார்த்த கணினி எப்போது நிறுவப்பட்டது என்று மரியாதையாக ஒரே ஒரு கேள்வி. மருமகன் அதையும் வாய்விட்டுப் படித்தார். படித்ததும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். அன்று ஞாயிறு பகல். என் மூத்த மகள் காய வைத்த துணிகளை மடித்துக்கொண்டு அங்கே இருந்தாள்.

"இந்த மெஷின் எப்ப போட்டது?" என்று அவளிடம் கேட்டார்.

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே. "உங்க மெஷின்ல எதுதான் ஓடாது? தாய்ப்பால் மட்டும்தான் குடுக்கல, மத்ததெல்லாம் ஊட்டித்தானே வளர்த்திருக்கீங்க."

அதுதான் விஷயம். அவர் கணினியில் சவுண்ட் சர்வர் இருந்தது. ஏதோ ஒரு காலத்தில் அவரே கையால் போட்டது. போட்டதையே மறந்திருந்தார். சின்னவளின் பழைய கணினியிலும் அவரே போட்டிருந்தார். புதிதாக நிறுவுகிற கணினியில் அந்த ஆள் வாசலில் இல்லை. பேக்கேஜ் இரண்டு வழியையும் ஏற்றுக்கொண்டதால், ஆள் கட்டாயம் வேண்டும் என்று கேட்கவும் இல்லை. உலாவி பார்த்தது, வாசலில் யாருமில்லை, நேராக உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. இரண்டும் இருக்கட்டும் என்று அவர் விட்டது, புதிதாக வருகிறவர்களுக்குப் பழைய ஒரு வழியாகவே போய்ச் சேர்ந்திருந்தது.

இதெல்லாம் அவர் பிறகு சொன்னது. அந்த நேரத்தில், "மாமா, உங்க மெஷினக் கொஞ்சம் குடுங்க" என்று மட்டும் கேட்டார். நான் செய்தி படிக்க வைத்திருந்த சிறிய கணினி. அதில் இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு, முதலிலிருந்து நிறுவினார். வேறு எதையும் தொடவில்லை. பிறகு திரையைப் படிக்கும் மென்பொருளை ஓடவிட்டார். தகரம் பேச ஆரம்பித்தது. உலாவியைத் திறந்து ஏதோ ஒரு பேச்சை ஓட்டினார்.

தகரம் ஒரு சொல்லோடு நின்றது.

அவர் விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். உலாவியில் மட்டும் யாரோ ஒருவர் எதைப் பற்றியோ விடாமல் பேசிக்கொண்டிருந்தார். என் மகள் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"அப்ப சின்னவ அங்க என்ன பண்றா?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியும்" என்றேன். "இந்தக் குறையை எழுதினதே அவதான்."

என் மூத்த மகள் என்னை விட்டுவைக்கவில்லை. "அவ சொன்னா நீங்க வாய்க்குப் பூட்டுப் போட்டுக்குவீங்களாப்பா? இத்தன நாளா சோத்த எப்படி உள்ள தள்ளினீங்க?" என்று கேட்டாள். மருமகன் சின்னவள் எழுதியதை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

அவர் உடனே மாற்றியிருக்கலாம். இப்போது எழுதியவர் யார் என்று தெரிந்துவிட்டதால் அது இன்னும் கடினமாகிவிட்டது என்று மாலையில் சொன்னார். அந்த எண் யாருடையது என்று தெரியாமல் இருந்திருந்தால் அரை நாளில் முடித்திருப்பாராம். அன்றிரவு தூங்கப் போகும் முன் என்னிடம் வழி கேட்டார். நான் எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் சொன்னேன். சொந்தக்காரர் கட்டைப் பக்கத்து மேசைக்குத் தள்ள முடியாதபோது, சொந்தம் என்று கட்டின் மேலேயே எழுதிவிட வேண்டும். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

மறுநாள் அவர் குழுவுக்கு எழுதினார். எல்லோருக்குமான பேக்கேஜில் இனி சவுண்ட் சர்வர் வழி மட்டும் இருக்கும். பேக்கேஜை நிறுவும்போது சர்வரும் கூடவே வரும். நேர்வழி வேண்டியவர்கள் தாங்களே கட்டிக்கொள்ளலாம், அதற்கான குறிப்பை எழுதி வைத்திருக்கிறார். தன் சோதனை எங்கே தவறியது என்பதையும் சொன்னார். கடைசியாக ஒரு வரி: குறையை எழுதியவர் என் மனைவியின் தங்கை, அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது, வேறொரு புதிய கணினியில் நானே சரிபார்த்த பின்புதான் மாற்றுகிறேன்.

குழு அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டது. குடும்பப் பேக்கேஜ் என்று ஒருவர் பெயர் வைத்தார். தன் மாமியாருக்குக் காது மந்தம், ஒலியை எல்லோருக்கும் கூட்டிவைக்க முடியுமா என்று இன்னொருவர் கேட்டார். மருமகன் எதற்கும் பதில் எழுதவில்லை. கம்பியிடமிருந்து ஒரு சிறிய மடல் வந்தது. அவர் திட்டவில்லை. குறிப்பைப் பார்த்து உலாவியைத் தானே கட்டிக்கொள்ள ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய கணினிக்கு ஒரு நாள் முழுக்க ஆகும், அந்த வயதை நான் தாண்டிவிட்டேன், இருக்கிற பதிப்போடு கடையை ஓட்டிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். அதன் பிறகு குழுவில் அவர் பெயர் வரவில்லை. அந்த மடலைப் படித்துவிட்டு மருமகன் என்னிடம் ஒன்று சொன்னார்: "அவர் திட்டியிருந்தா தேவல மாமா."

சின்னவளும் கூப்பிட்டாள். அத்தானைத்தான் கேட்டாள். அவர் தொலைபேசியை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி விட்டார். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தார் போல.

"அத்தான், அந்தக் கடைசி வரி எதுக்கு?"

"இருக்கணும்."

"எனக்காக எழுதினீங்களா, உங்களுக்காக எழுதினீங்களா?"

அவர் யோசித்தார். "எனக்காக."

"அந்த வரி இல்லன்னா நான் குறை எழுதின ஒரு ஆள். அந்த வரி இருந்தா உங்க மச்சினி. இத்தன தூரம் வந்தும் நான் உங்க வீட்டுத் தனி மெஷினாவேதான் இருக்கேன்."

அழித்துவிடுவதாகச் சொல்லுங்கள் என்று என் மூத்த மகள் அவருக்குச் சைகை காட்டினாள். குழுவுக்குப் போன மடலை யாராலும் அழிக்க முடியாது, அது அப்படியே பழைய மடல்களோடு சேமிப்பில் இருக்கும். அந்த வரியை எழுதும் யோசனையைச் சொன்னவன் நான் என்பதைச் சின்னவளிடம் சொன்னேன். "நெனச்சேன்" என்றாள். அதற்கு மேல் அன்று பேச்சு ஓடவில்லை.

மாதம் முடியும் முன்பே புதிய பேக்கேஜ் அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. யாரும் யாரிடமும் கேட்கவில்லை, வழக்கமான புதுப்பித்தலோடு தானாகப் போனது. சின்னவள் தொலைபேசி மேசையிலிருந்து தன் மேசைக்கு மாறினாள். "ரெண்டும் கேக்குது" என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள். அத்தானுக்கு அனுப்பவில்லை. சோதனைக் காலம் முடிந்து வேலை நிரந்தரமான செய்தியும் அக்கா வழியாகத்தான் வந்தது. மருமகன் கேட்டுக்கொண்டு தலையசைத்தார். அன்று மருத்துவமனையில் லிஃப்ட் ஓடவில்லை.

அதற்குப் பின் சில வாரங்கள் கழித்து அவர் என்னை அலமாரிக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டார். அப்படிக் கூப்பிடுகிறவர் இல்லை. குழுவில் அந்த மடலுக்கு யாரோ ஒருவர் தாமதமாகப் பதில் எழுதியிருந்தார். எந்த ஊர் என்று தெரியவில்லை. திரையில் விரலை வைத்துக் காட்டினார். எனக்கும் பார்வை இல்லை, எனக்கும் இதே பழுது இருந்தது, வேறு எங்கோ கோளாறு என்று ஒரு வருடமாக உலாவியில் ஒலியே இல்லாமல் இருந்தேன், புதிய பேக்கேஜில் சரியாகிவிட்டது என்று இருந்தது. அதன் கீழே: 'பதிவுக்காகச் சொல்கிறேன், நான் இங்கே யாருக்கும் சொந்தமில்லை.'

மருமகன் அதை அப்படியே சின்னவளுக்கு அனுப்பினார், ஒரு சொல்லும் சேர்க்காமல். கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. பின்னால் தகரத்தின் குரல் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படிக்கவிட்டிருந்தாள் போலிருக்கிறது.

"அத்தான்" என்றாள். "சளி எப்படி இருக்கு?"

"இருக்கு" என்றார் அவர்.

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவர் தொலைபேசியை மேசையில் வைத்தார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்து அடுத்த குறையைத் திறந்தார். யாருக்கோ உலாவியிலிருந்து அச்செடுத்தால் ஓரம் வெட்டுப்படுகிறதாம். தன் பக்கத்துக் கணினியைத் தொடப்போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

"மாமா, உங்க மெஷின்" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன்.